திருவாதிரை மங்கிய மார்கழி: நீங்கள் நேரில் கண்ட அதிசயத்தைச் சொல்லுங்கள்

கும்பகோணத்திலிருந்து

2020 ஜனவரி 10, மார்கழித் திருவாதிரை. முந்தின நாள் ராத்திரி அம்மா களிக்கு அரிசி வறுத்து உடைத்து வைத்துவிட்டு, வெல்லம் பொடித்துக்கொண்டிருந்தார்கள். நான் மொட்டைமாடிக்குப் போனேன். திருவாதிரை நட்சத்திரம் வழக்கத்தைவிட மங்கிப்போயிருக்கிறது என்று செய்தியில் படித்திருந்தேன். படித்தபோது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நட்சத்திரம் மங்கினால் நம் கண்ணுக்கா தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

தெரிந்தது. நிலா வடக்கே பளீரென்று நின்றது. அதற்குக் கீழே வேடன் நிற்பது போன்ற அந்த ஓரியன் கூட்டம். சின்ன வயதிலிருந்து எனக்கு அதில் மனப்பாடமான இரண்டு புள்ளிகள் உண்டு: ஒரு தோளில் சிவப்பாகத் திருவாதிரை, எதிர்ப்பக்கக் காலில் நீலவெள்ளையாக ரைஜெல். அன்றைக்கு ரைஜெல் அப்படியே இருந்தது. திருவாதிரையை மட்டும் தேட வேண்டியிருந்தது. பக்கத்தில் ரோகிணியைப் பார்த்தேன். வழக்கமாகத் திருவாதிரைதான் அதைவிடப் பிரகாசம். அன்று ரோகிணி முந்திக்கொண்டிருந்தது. ஏதோ தெரிந்த முகத்துக்கு உடம்பு சரியில்லாததுபோல இருந்தது எனக்கு.

அம்மாவை மேலே கூப்பிட்டேன். கையில் வெல்லப் பிசுக்கோடு வந்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுக்குத்தானே நாளைக்குக் களி பண்றோம், என்ன ஆச்சு இதுக்கு?" என்றார்கள்.

அந்தப் பிப்ரவரியில் அதன் வழக்கமான வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சியது. வெடிக்கப்போகிறதோ என்று உலகம் முழுக்கப் பேச்சு. வெடிக்கவில்லை. ஏப்ரலுக்குள் பழையபடி ஆகிவிட்டது. நட்சத்திரம் தன் மேற்பரப்பிலிருந்து பெரிய வாயு மூட்டையைக் கக்கியிருக்கிறது, அது குளிர்ந்து தூசியாகி நம் பக்கத்தை மறைத்திருக்கிறது என்று அடுத்த ஆண்டு வந்த ஆய்வு சொன்னது. அறுநூறு எழுநூறு ஒளியாண்டுத் தூரம் என்கிறார்கள், அதாவது அங்கிருந்து வெளிச்சம் இங்கே வந்துசேர அத்தனை வருஷம் ஆகும். அப்படியானால் அந்தத் தூசி கிளம்பியபோது இங்கே சோழர் ஆட்சி முடிந்து நூறு வருஷம் வாக்கில்தான் ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன், தூக்கம் வரவில்லை.

உங்களுக்கும் இப்படி ஒன்று நடந்திருக்கும். படித்தது இல்லை, நேரில் பட்டது. சொல்லுங்கள்.

பெங்களூரிலிருந்து, சொந்த ஊர் தங்கவயல்

அக்கா, என் அனுபவம் வானத்தைப் பார்த்து வந்தது இல்லை. பூமிக்குக் கீழே இருந்து வந்தது. நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோலார் தங்கவயல் கர்நாடகத்தில் இருந்தாலும் சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். எங்கள் குடும்பம் வட ஆற்காட்டிலிருந்து போனது. தாத்தா சாம்பியன் ரீப் சுரங்கத்தில் வேலை பார்த்தார். லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்து கதை சொல்வார். கேஜில், அதாவது சுரங்க லிஃப்டில், இறங்கும்போது காது அடைப்பது, கீழே போகப்போகப் பாறையே அடுப்பு மாதிரி சுடுவது, ராக் பர்ஸ்ட் (அழுத்தத்தில் பாறை வெடிப்பது) வந்தால் மேலே ஊரில் பாத்திரம் ஆடுவது, இதெல்லாம். அந்தக் கதைகளுக்கு நடுவே ஒன்று வரும்.

"கீழ ஒரு எடத்துல படிச்சவங்க வந்து பெட்டி பெட்டியா அடுக்கி வச்சிருப்பாங்க. தங்கம் தேட வரல அவங்க. வானத்துலேருந்து வர்றதப் பிடிக்க வந்தாங்க."

வானத்திலிருந்து வருவதைப் பிடிக்க யாராவது ஒன்றரை மைல் ஆழத்துக்கு இறங்குவார்களா? மாடியில் ஏறினால் போதாதா? தாத்தா எதையோ மாற்றிப் புரிந்துகொண்டார் என்றே பல வருஷம் நினைத்திருந்தேன்.

எம்.எஸ்ஸி. இரண்டாம் வருடம், துகள் இயற்பியல் வகுப்பு. பேராசிரியர் நியூட்ரினோ பற்றி எழுதிக்கொண்டே வந்தவர், கரும்பலகையில் "1965, கோலார் தங்கவயல்" என்று எழுதினார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அடுத்த பத்து நிமிடம் அவர் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. அப்புறம் நூலகத்தில் உட்கார்ந்து தேடித்தேடிப் படித்தேன்.

விஷயம் இதுதான். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதும்போது மியூவான் என்ற துகள்கள் பிறந்து மழைபோலக் கொட்டுகின்றன. இப்போது இதைப் படிக்கும் உங்கள் உள்ளங்கை வழியாகவும் விநாடிக்கு ஒன்று என்ற அளவில் போய்க்கொண்டிருக்கிறது. அதே மோதலில் நியூட்ரினோ என்ற துகள்களும் பிறக்கின்றன. ஆனால் அவை எதிலும் ஒட்டாது, எதையும் தொடாது, பூமியையே துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும். எப்போதாவது, மிக மிக அபூர்வமாக, ஒன்று ஒரு அணுக்கருவில் மோதும். மோதிய இடத்தில் ஒரு மியூவான் பிறக்கும். அந்த ஒன்றைப் பார்க்க வேண்டும். மேலே இருந்துகொண்டு பார்த்தால் கொட்டுகிற மியூவான் மழையில் அது எது, இது எது என்று பிரிக்கவே முடியாது. கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரத்துக்கு நடுவே ஊசி விழும் சத்தத்தைக் கேட்கிற மாதிரி.

அதனால் ஆழத்துக்குப் போனார்கள். மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தினர் 1950-களிலிருந்தே தங்கவயலில் வெவ்வேறு ஆழங்களில் மியூவான்களை எண்ணிக்கொண்டு வந்திருக்கிறார்கள். இறங்க இறங்கக் குறைந்துகொண்டே வந்தது. மிக ஆழமான இடத்தில் இரண்டு மாதம் காத்திருந்தும் ஒன்றுகூட வரவில்லை. வேறு யாராக இருந்தாலும் "ஒன்றும் கிடைக்கவில்லை" என்று மூட்டை கட்டியிருப்பார்கள். இவர்கள் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துத்தான் சந்தோஷப்பட்டார்கள். இவ்வளவு அமைதியான இடம் இருந்தால் இங்கே நியூட்ரினோவைப் பிடிக்கலாம் என்று.

தரைக்குக் கீழே 2.3 கி.மீ. ஆழத்தில் துகள் பட்டால் ஒளிரும் பிளாஸ்டிக்கால் எதிரெதிரே இரண்டு சுவர்கள், நடுவில் துகள் போன தடத்தில் மட்டும் மின்னும் நியான் குழாய்கள். தாத்தா சொன்ன "பெட்டி பெட்டியா". மேலிருந்து நேராக வருவதை இவர்கள் தேடவில்லை, பக்கவாட்டில் வருவதைத் தேடினார்கள். அந்தத் திசையில் குறுக்கே இருக்கும் பாறையின் கனம் அவ்வளவு அதிகம், காற்றில் பிறந்த எந்த மியூவானும் அதைத் தாண்டி வர முடியாது. அப்படியும் ஒன்று பக்கவாட்டில் வந்தால், அது பக்கத்துப் பாறைக்குள்ளேயே நியூட்ரினோ மோதிப் பிறந்ததாகத்தான் இருக்க வேண்டும். இந்தத் தர்க்கத்தை முதல்முறை படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு அழகு.

வந்தது. விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான். மும்பை, ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹம் மூன்றும் சேர்ந்த குழு அது. அதே 1965-இல் தென்னாப்பிரிக்காவில் இன்னொரு தங்கச் சுரங்கத்தில் இன்னொரு குழுவும் கண்டது. காற்று மண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவை மனிதர்கள் முதன்முதலில் பார்த்தது இந்த இரண்டு இடங்களில்தான்.

2001-இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். இப்போது ஊருக்குப் போனால் தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சயனைடு மண் மேடுகள்தான் கண்ணில் படும். அந்த மேட்டைப் பார்த்துவிட்டுப் போகிறவர்களிடம் இதையும் யாராவது சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை.

திண்டுக்கல்லிலிருந்து

அண்ணா, இரண்டு தடவை படித்தேன். உங்களுக்கு முன்னால் என்னுடையது சின்னது, ஆனாலும் சொல்கிறேன்.

2019 டிசம்பர் 26, வளையச் சூரிய கிரகணம். எங்கள் ஊர் பாதையின் நடுவிலேயே மாட்டியது. அம்மாச்சி காலையிலேயே பித்தளைத் தட்டில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தி வைத்துவிட்டார். கிரகணம் விடும்வரை நிற்கும் என்பது அவர் நம்பிக்கை. (அடிப்பக்கம் தட்டையான உலக்கை எந்த நாளும் நிற்கும். மறுநாள் நானும் அவரும் சேர்ந்தே நிறுத்திப் பார்த்தோம், நின்றது.)

பாதுகாப்புக் கண்ணாடி வீட்டில் ஒன்றுதான். தம்பி அதை யாரிடமும் தருவதாக இல்லை. நான் அடுப்படியிலிருந்து ஜல்லிக்கரண்டியை எடுத்துவந்து வாசலில் வெயிலில் பிடித்தேன். சிமென்ட் தரையில் கரண்டியின் நிழல், அதற்குள் எத்தனை ஓட்டையோ அத்தனை பிறைச் சூரியன். நேரம் போகப்போகப் பிறை மெலிந்தது. ஒன்பதரையைத் தாண்டியதும் பிறையின் இரண்டு முனைகளும் தொட்டுக்கொண்டன. தரை முழுக்கக் குட்டிக் குட்டி வளையல்கள்.

கரண்டியின் ஓட்டை வட்டமாக இருப்பதால்தான் வட்டம் விழுகிறதோ என்று சந்தேகம். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கை விரல்களையும் பாய் முடைகிற மாதிரி குறுக்கே வைத்துப் பிடித்தேன். விரலிடுக்கு கோணல்மாணலாகத்தான் இருக்கும். ஆனாலும் விழுந்தது வளையம். ஒவ்வொரு சின்ன இடுக்கும் ஒரு கேமரா என்பது அப்போது புரிந்தது. வேப்பமரத்தடியில் தினமும் ஆடுகிற வெயில் வட்டங்கள் வெறும் வெளிச்சம் இல்லை, எல்லாமே சூரியனின் படங்கள். அதற்குப் பிறகு எந்த மரத்தடியிலும் குனிந்து பார்க்காமல் நான் நடந்தது இல்லை.

மூன்று நிமிடம்தான் இருக்கும். வெயில் அடித்தது, ஆனால் சூடு இல்லை. மஞ்சளும் இல்லாமல் வெள்ளையும் இல்லாமல் ஒரு மாதிரி ஈயப் பாத்திர நிறம். அம்மாச்சி வாசற்படியைத் தாண்டி வந்து, என் விரல் நிழலில் விழுந்த வளையத்தைத் தன் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார்.

மதுரையிலிருந்து

நான் கட்டட வேலை மேற்பார்வை. ஏப்ரல் 16-ஐ ஒட்டி மதுரையில் சூரியன் உச்சியில் நேராக நிற்கும், பகல் 12.17 வாக்கில். தூக்குக்குண்டு பிடித்து ஒரு பி.வி.சி. குழாயைச் செங்குத்தாக நிறுத்தச் சொன்னேன். நிழல் சுருங்கிச் சுருங்கிக் குழாய்க்குள்ளேயே போய்விட்டது. கொத்தனார் குழாயைத் தூக்கிக் கீழே தேடினார். "நிழல் எங்க சார் போச்சு?" முப்பது வருஷமாக வெயிலில் நிற்கிற மனிதர் அவர்.

வருஷத்தில் இரண்டு நாள் இது நடக்கும், ஆகஸ்ட் கடைசியில் மறுபடி. சென்னைக்கு ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும். கடக ரேகைக்கு வடக்கே இருக்கும் டெல்லிக்காரர்களுக்கு இது கிடையவே கிடையாது.

வாணியம்பாடியிலிருந்து

ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் நான். ஜவ்வாது மலையில் காவலூர் வான் ஆய்வகம் எங்களுக்குப் பக்கம். ஒரு சனிக்கிழமை மாலை பிள்ளைகளை அழைத்துப் போயிருந்தேன். தொலைநோக்கி வழியாகச் சனியைக் காட்டினார்கள். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் பார்த்துவிட்டு, கண்ணை எடுத்துத் தொலைநோக்கியின் முன்பக்கம் போய் எட்டிப் பார்த்தான், யாராவது படம் ஒட்டியிருக்கிறார்களா என்று. அவ்வளவு சுத்தமாகத் தெரிந்தது வளையம்.

நான் சொல்ல வந்தது வேறு. அதே மலையில் 1977 மார்ச் 10 அன்று ஒரு விண்மீன் யுரேனஸுக்குப் பின்னால் மறைவதைப் பதிவு செய்யக் காத்திருந்தார்கள். ஜே.சி. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும், 1 மீட்டர் தொலைநோக்கியில். எதிர்பாராத நேரத்தில் விண்மீனின் ஒளி சில விநாடிகள் விழுந்து எழுந்தது. யுரேனஸுக்குப் புதிதாக ஒரு துணைக்கோள் இருக்கிறது போலும் என்று எழுதினார்கள். அதே இரவில் இந்தியப் பெருங்கடல் மேல் பறந்த அமெரிக்க ஆய்வு விமானத்தின் பதிவில் கோளுக்கு இரண்டு பக்கமும் அதே மாதிரி மங்கல்கள் இருந்தன. துணைக்கோள் இல்லை, வளையங்கள்! அதுவரை வளையம் என்றால் சனி மட்டும்தான். நான் முப்பது வருஷம் பாடம் நடத்தினேன், ஆரம்பத்தில் "சனிக்கு மட்டுமே வளையம்" என்று பழைய புத்தகத்தைப் பார்த்து நடத்தியவன். நம் மலையிலேயே அது மாறியிருக்கிறது என்பது எனக்கு மிகத் தாமதமாகத்தான் தெரிந்தது. தெரிந்த பிறகு ஒரு வகுப்பையும் அதைச் சொல்லாமல் விட்டதில்லை.

தங்கவயல் தம்பி, ஒரு கேள்வி. அந்தக் கண்டுபிடிப்பு உங்கள் தாத்தாவுக்குத் தெரியுமா?

பெங்களூரிலிருந்து, சொந்த ஊர் தங்கவயல்

சொன்னேன் சார். அந்த வகுப்பு முடிந்த வாரக் கடைசியிலேயே ரயில் ஏறி மாரிக்குப்பம் போய்விட்டேன். தாத்தாவுக்கு அப்போது காது மந்தம். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு தாளில் சுரங்கத்தை வரைந்து, சுவர் இரண்டு, குழாய்கள், பக்கவாட்டில் வருகிற கோடு என்று காட்டினேன். நியூட்ரினோ என்ற பெயரை மூன்று தடவை சொல்ல வைத்தார். படத்தில் நான் கேஜை இடது பக்கம் வரைந்திருந்தேன். பேனாவை வாங்கி அதை அடித்துவிட்டு வலது பக்கம் வரைந்தார்.

"அப்ப பிடிச்சிட்டாங்களா?" என்றார்.

"1965-லயே பிடிச்சிட்டாங்க தாத்தா."

"எங்ககிட்ட யாரும் சொல்லலியே" என்று கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எதிர்வீட்டு நண்பரைக் கூப்பிடச் சொன்னார். அவரும் அதே ஷிப்டில் இறங்கியவர்.