ஞாயிற்றுக்கிழமையில் கனமான படம் எதற்கு?

கௌரி:
சனிக்கிழமை இரவு அப்பாவோடு பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) பார்த்தேன்; ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பெண் வீடு கட்டப் படும் பாடுதான் கதை. ஞாயிறு மதியம் குடும்பமே உட்கார்ந்து ‘காதலிக்க நேரமில்லை’ (1964) பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆனால் திங்கட்கிழமை பஸ்ஸில் போகும்போது மனத்தில் நின்றது முதல் படம்தான். விடுமுறையில் கனமான படம் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு கேள்வி: வாரநாளில் அதற்கு ஏது அவகாசம்?

செல்வம்:
ஆறு நாள் நூற்பாலை இரைச்சலில் நிற்கிறவன் நான். கடன், லஞ்சம், அலைச்சல் எல்லாம் நான் அன்றாடம் படுகிற பாடு. ஞாயிற்றுக்கிழமையும் அதையே பார்க்க வேண்டுமா? மேலும், அந்த மாதிரிப் படம் தியேட்டரில் பார்க்க வேண்டியது; வீட்டுக்கு ஒத்துவராது. குக்கர் விசில் அடிக்கும், யாராவது கதவைத் தட்டுவார்கள். விட்டுவிட்டுப் பார்ப்பது அந்தப் படத்துக்குச் செய்கிற அவமரியாதை.

கௌரி:
‘வீடு’ இன்று எந்தத் தியேட்டரில் ஓடுகிறது, செல்வம் சார்? ஒப்பந்தக்காரர் சிமெண்டைத் திருட்டுத்தனமாக விற்பதைச் சித்தாள் பெண் போட்டு உடைக்கும் இடத்தில் அப்பாவே ரிமோட்டை வாங்கிப் படத்தை நிறுத்தினார். எங்கள் வீடு கட்டியபோது, சிமெண்டு மூட்டைகளுக்குக் காவலாகச் சாக்கை விரித்து இரவெல்லாம் அங்கேயே படுத்திருந்தாராம். அதே வீட்டில்தான் வளர்ந்தேன். இதுவரை எனக்குத் தெரியாது. தியேட்டரில் அப்பா இதைச் சொல்லியிருப்பாரா?

மீனாட்சிசுந்தரம்:
சிரிப்புப் படத்தை இருவருமே களைப்பு தீர்க்கும் மருந்தாக மட்டும் பார்க்கிறீர்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சியை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். நாகேஷை விட்டுவிட்டுப் பாலையாவின் முகத்தை மட்டும் கவனியுங்கள். நாகேஷ் வாயாலேயே எழுப்பும் ஒவ்வொரு ஓசைக்கும் அந்த முகத்தில் பயம் ஒரு படி ஏறுகிறது. ‘உதிரிப்பூக்கள்’ (1979) போன்ற கனமான படத்துக்குக் கொடுக்கும் அதே கவனத்தை இதற்கும் கொடுக்க வேண்டும்.

செல்வம்:
ஐயா சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ‘உதிரிப்பூக்கள்’ பெயரை எடுத்ததால் சொல்கிறேன். ஒரு ஞாயிறு மாலை அதைப் பார்த்தோம். சிறிய வீடு, பிள்ளைகளை வேறெங்கே அனுப்புவது? கடைசியில் தகப்பன் ஆற்றோடு போக, அந்த இரண்டு பிள்ளைகள் கரையில் தனித்துவிடப்படுகிறார்கள். “அவர்களை யார் வீட்டுக்குக் கூட்டிப் போவார்கள்?” என்று என் எட்டு வயது மகள் கேட்டாள். அன்றிரவு அவள் தூங்கவில்லை. அதற்குப் பிறகுதான் இந்த முடிவுக்கு வந்தேன்.

கௌரி:
அப்படிக் கேட்கிற பிள்ளையை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஆனாலும் அந்த வயதுக்கு அது பாரம்தான். பிள்ளைகள் தூங்கிய பிறகு நீங்களும் வீட்டம்மாவும் மட்டும் பார்க்கலாமே?

செல்வம்:
சனிக்கிழமை இரண்டாவது ஷிப்டு முடிந்து வீடு சேரவே நள்ளிரவாகிவிடும். ஞாயிறு இரவு என்றால் மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆலையில் நிற்க வேண்டும். மகள் போன வாரம்கூட அந்தப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டாள். பாட்டி வந்து கூட்டிப் போய்விட்டார் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.