எட்வர்ட் தாமஸ் அட்லஸ்ட்ராப் ஊர்க்காரரா?

கேள்வி: முதல் உலகப்போரில் இறந்த ஆங்கிலக் கவிஞர் எட்வர்ட் தாமஸ் பற்றித் தேடினால் கிளாஸ்டர்ஷயரின் அட்லஸ்ட்ராப் கிராமமும் கூடவே வருகிறது. அவர் சொந்த ஊரா அது?

பதில் 1: இல்லைங்க. பிறந்தது லண்டன், குடியிருந்தது ஹாம்ப்ஷயரில் ஸ்டீப் கிராமம். 1914 ஜூன் 24 அன்று அவர் போன ரயில் அட்லஸ்ட்ராப் ஸ்டேஷனில் திடீரென நின்றது, யாரும் ஏறவுமில்லை இறங்கவுமில்லை, வெயில், வைக்கோல் போர், ஒரு பறவையின் பாட்டு, அதை வைத்து அவர் எழுதிய 'அட்லஸ்ட்ராப்' கவிதையில் இருப்பதே அவ்வளவுதான். இறங்கிக்கூடப் பார்க்காத ஊர்!

பதில் 2: அவர் கவிதை எழுத ஆரம்பித்ததே அந்த வருடக் கடைசியில். 1917 ஏப்ரல் 9, பிரான்சின் அராஸ் போர்முனையில் 39 வயதில் அவர் வாழ்க்கை முடிந்தது.

பதில் 3: ஊருக்கு அதற்கு முன்பே கதை உண்டு. ஈவ்ஷாம் மடத்து நிலம், அப்புறம் லீ குடும்பத்துக்குப் போனது. அவர்கள் உறவு என்பதால் நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினும் வந்து தங்கியிருக்கிறார். ஸ்டேஷனை 1966-ல் மூடிவிட்டார்கள், பெயர்ப்பலகை மட்டும் இப்போது பஸ் ஸ்டாப் நிழற்குடையில்.