கலைச்சொல்: பின்னோக்கிய காலப்பயணமா, மூடிய காலமுக வளைவரையா?

நண்பர்களுக்கு வணக்கம்.

‘குளோஸ்டு டைம்லைக் கர்வ்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டுத் தொடங்கிய இழை இது. இடமும் காலமும் ஒன்றாய்ச் சேர்ந்த காலவெளியில், ஒரு பொருள் புறப்பட்ட அதே இடத்துக்கும் அதே நேரத்துக்கும் திரும்பிவரும் பாதையை அது குறிக்கிறது. ‘பின்னோக்கிய காலப்பயணம்’, ‘காலச்சுழல்’, ‘காலச்சக்கரம்’ என மூன்று சொற்கள் வந்துள்ளன. மூன்றையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

> ‘பின்னோக்கிய காலப்பயணம்’ என்றே வைத்துவிடலாம். படித்தவுடன் எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும். இந்தப் பாதையில் செல்பவர் ஒரு நொடிகூடப் பின்னோக்கிப் போவதில்லை. அவர் கைக்கடிகாரம் முன்னேதான் ஓடுகிறது. பசி எடுக்கிறது, தாடி வளர்கிறது. எந்த இடத்திலும் அவர் ஒளியை முந்துவதும் இல்லை. பாதையின் ஒவ்வொரு புள்ளியிலும் அவர் தம் எதிர்காலத்தை நோக்கியே நகர்கிறார். ஆனாலும் காலவெளி வளைந்திருக்கும் விதத்தால், புறப்பட்ட அதே நிகழ்வுக்கு வந்து சேர்ந்துவிடுகிறார். கிழக்குமுகமாகவே நடந்து உலகைச் சுற்றியவர், ஒருமுறைகூட மேற்கே திரும்பாமல் சொந்த ஊரை அடைவது போலத்தான் இதுவும். இந்தக் கருத்தில் இல்லாத ஒன்றே ஒன்று ‘பின்னோக்கு’. அதையே பெயரின் தலையில் வைப்பது முறையாகாது. வார இதழ்களிலும் கதைகளிலும் ‘காலப்பயணம்’ நன்றாகவே வாழ்கிறது. அங்கே அது இருக்கட்டும்.

> காலச்சக்கரம் நம் மரபிலேயே இருக்கும்போது புதிதாக ஏன் ஒன்று?

அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. யுகங்கள் மாறி மாறி வருவதை, காலமே திரும்புவதை அது குறிக்கிறது. நாம் பேசுவது ஒரு பொருள் செல்லும் பாதையைப் பற்றி. கோடலின் அண்டத்தை எடுத்துக்கொண்டால் வேறுபாடு தெளியும். கணிதத் தர்க்கத்தில் பெயர்பெற்ற குர்ட் கோடல், பிரின்ஸ்டனில் ஐன்ஸ்டைனுக்கு நெருங்கிய நண்பர். 1949-இல், ஈர்ப்பைக் காலவெளியின் வளைவாக விளக்கும் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் சமன்பாடுகளுக்கே அவர் ஒரு புதிய தீர்வைத் தந்தார். அந்த அண்டத்தில் பொருள் முழுவதும் சுழல்கிறது. ஒரு நோக்கரிடமிருந்து விலக விலக ஒளிக்கூம்புகள், அதாவது காலவெளியில் ஒளி விரிந்து செல்லும் கூம்புகள், சாய்கின்றன. குறிப்பிட்ட தொலைவைத் தாண்டினால், அவரைச் சுற்றி வரையும் வட்டமே ஒரு பொருள் பயணம் செய்யக்கூடிய பாதையாகிவிடுகிறது. அங்கே சுழல்வது பொருள். வளைந்து மூடுவது பாதை. காலம் சக்கரமாக உருள்கிறது என்று அத்தீர்வு சொல்லவில்லை. ‘காலச்சுழல்’ மீதும் எனக்கு இதே மறுப்புத்தான்.

ஐன்ஸ்டைன் இத்தீர்வைப் பாராட்டினார். இயற்பியல் காரணங்களால் இத்தகைய தீர்வுகளை விலக்க வேண்டாமா என்ற கேள்வியையும் உடனே எழுப்பினார். நம் அண்டம் விரிகிறது, கோடலின் அண்டம் விரிவதில்லை. ஆகவே அது நாம் வாழும் அண்டம் அன்று. ஆனால் சமன்பாடுகள் தம்மளவில் இத்தகைய பாதையைத் தடுக்கவில்லை என்பது அன்றே நிலைநாட்டப்பட்டுவிட்டது.

இனி ‘டைம்லைக்’. ‘காலம்போன்ற’ என்று ஒருவர் எழுதியிருந்தார். இங்கே எதுவும் எதையும் போல இல்லை, பேசப்படுவது திசை. ஒரு நிகழ்விலிருந்து புறப்படும் ஒளி, காலவெளியில் ஒரு கூம்பாக விரிகிறது. கூம்புக்குள் அடங்கும் திசைகளில் பொருள்கள் செல்லலாம். கூம்பின் மேற்பரப்பில் ஒளி செல்கிறது. வெளியே உள்ள திசைகளில் எதுவும் செல்ல முடியாது. நம்மிடம் நேர்முகம், மறைமுகம், பன்முகம், வடக்குமுகம் எல்லாம் புழக்கத்தில் உள்ளன. அந்த வார்ப்பிலேயே இத்திசைகளை முறையே காலமுகம், ஒளிமுகம், இடமுகம் என்று ஒரே குடும்பமாக அமைக்கலாம். பெயரடையாகவும் இயல்பாக வரும்: காலமுகத் திசை, இடமுக இடைவெளி.

‘கர்வ்’ என்பதற்குத் தமிழ்நாட்டுக் கணிதப் பாடநூல்களில் ‘வளைவரை’ இருக்கிறது. ஆக என் முன்மொழிவு: மூடிய காலமுக வளைவரை. நீளம்தான். ஆனால் ஒவ்வொரு உறுப்பும் தன் பொருளைச் சொல்கிறது. நடக்குமா நடக்காதா என்ற கேள்விக்குப் பெயரே விடை சொல்லிவிடுவதும் இல்லை. எனக்கு முதன்மையாகப் படுவது இந்த நடுநிலைதான். ஏனென்றால் அந்தக் கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது.

1988-இல் மோரிஸ், தார்ன், யுர்ட்செவர் என்ற இயற்பியலாளர் மூவரும் இத்தகைய பாதையை அமைக்கக் காட்டிய வழியைப் பாருங்கள். காலவெளியின் இரு பகுதிகளை இணைக்கும் குறுக்குவழியே புழுத்துளை. அதற்கு இரண்டு வாய்கள். ஒன்று வீட்டிலேயே இருக்கட்டும். மற்றதை 2030-இல் ஒளிவேகத்தில் 99.5 விழுக்காடு வேகத்துடன் அனுப்பித் திருப்பிக் கொண்டுவருகிறோம். வெளியே 10 ஆண்டுகள் ஓடும்போது அதன் சொந்தக் கடிகாரத்தில் ஓராண்டுதான் ஓடுகிறது. ஆனால் துளையின் உள்வழியே பார்த்தால் இரு வாய்களின் கடிகாரங்களும் ஒத்தே போகின்றன. எனவே 2040-இல் திரும்பிவந்த வாயில் நுழைபவர், வீட்டுவாய் வழியே 2031-இல் வெளிவருவார். 2030-க்கு முன்னால் ஒரு நாள்கூட அவரால் போக முடியாது. சோழர் காலத்தைப் பார்க்கும் ஆசை இதில் நிறைவேறாது.

இதற்குத் தடை எங்கே? முதலில், துளை மூடிக்கொள்ளாமல் தாங்கிப் பிடிக்க எதிர்மறை ஆற்றல் அடர்த்தி வேண்டும். குவாண்டம் விளைவுகளில் அது சிறிதளவு கிடைக்கிறது. மனிதர் நுழையும் அளவுக்குக் கிடைக்கும் என்று யாரும் காட்டியதில்லை. இரண்டாவது தடை இன்னும் ஆழமானது. பாதை மூடத் தொடங்கும் விளிம்பில், வெற்றிடத்தின் அலைவுகளே திரும்பத் திரும்பச் சுற்றிவந்து ஆற்றலைக் குவித்துத் துளையை அழித்துவிடலாம். இதிலிருந்துதான் ஹாக்கிங் 1992-இல் ‘குரோனாலஜி புரொடெக்‌ஷன் கஞ்செக்சர்’ என்பதை, அதாவது இத்தகைய பாதைகள் உருவாவதை இயற்பியலே தடுத்துவிடும் என்ற கருத்தை, முன்வைத்தார்.

> இதற்குக் ‘காலவரிசைக் காப்பு விதி’ சரியாக வரும்.

‘காலவரிசைக் காப்பு’ மிக அழகாக அமைந்திருக்கிறது, முன்மொழிந்தவருக்கு நன்றி. ஆனால் ‘விதி’ வேண்டாம். ஹாக்கிங்கே அதை நிறுவப்பட்டதாகச் சொல்லவில்லை. 1997-இல் கே, ராஜிகோவ்ஸ்கி, வால்ட் என்ற இயற்பியலாளர்கள் நிறுவியது, அந்த விளிம்பில் நம் இன்றைய குவாண்டம் புலக் கணக்கு செல்லுபடியாகாது என்பதை. அதற்கு அப்பால் என்ன நடக்கும் என்று சொல்ல ஈர்ப்பின் குவாண்டம் கோட்பாடு வேண்டும். அது இன்னும் நம் கையில் இல்லை. மாணவர் ஒருவர் ‘விதி’ என்று படித்தால், முடிந்துபோன கதை என்று புத்தகத்தை மூடிவிடுவார். ‘காலவரிசைக் காப்பு ஊகம்’ என்றே எழுதுவோம். ‘கருதுகோள்’ என்பது ‘ஹைப்பாதசிஸ்’ என்பதற்கு நிலைபெற்றுவிட்டதால் அதைத் தொட வேண்டாம்.

இத்தகைய பாதையில் நடப்பவை ஒன்றோடொன்று முரண்படாமலே அமையும் என்ற, இயற்பியலாளர் நோவிகோவின் கொள்கைக்குத் ‘தன்னிசைவு நெறி’ என்று வந்த சொல் எனக்கு முழுச் சம்மதம்.

எஞ்சியிருப்பவை இரண்டு. ஹாக்கிங் பேசும் அந்த விளிம்புக்குக் ‘காலவரிசை எல்லை’ என்று வைக்கலாமா? கருந்துளைக்கு ‘நிகழ்வெல்லை’ இருப்பதால் இரண்டும் இணையாக நிற்கும். அடுத்து, இலங்கைப் பாடநூல்களில் வளைவரைக்கு ‘வளையி’ என்று வழங்குகிறார்கள். ‘மூடிய காலமுக வளையி’ இன்னும் கச்சிதமாக ஒலிக்கிறது. அங்கே கணிதம் கற்பிக்கும் நண்பர்கள், வகுப்பில் இச்சொல் எப்படிப் பயில்கிறது என்று எழுதினால், அகராதிப் பதிவில் இரண்டையும் சேர்த்தே இடலாம்.