பழைய கிட்டாரைத் திரும்ப எடுத்தவர்கள் இங்கே வாருங்கள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

வயதான பிறகு கிட்டாரைத் திரும்ப எடுக்கிற பலர் சீக்கிரமே அதை மறுபடி மூலையில் சாத்திவிடுகிறார்கள். கேட்டால் "விரல் வளைய மாட்டேங்குது", "இனி நமக்கெல்லாம் எங்கே வரப்போகுது" என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. விரலையும் வயதையும் திட்டுவதற்கு முன்னால் அந்தக் கிட்டாரை ஒருமுறை நன்றாகப் பாருங்கள், பெரும்பாலும் குற்றவாளி அதுதான்.

என்னுடையது கல்கத்தாவில் செய்தது, எண்பதுகளில் வாங்கினது. எங்கள் பங்குக் கோயில் பாடகர் குழுவில் ஹார்மோனியம், தபேலாவோடு கிட்டாரும் வந்து சேர்ந்த காலம் அது, மூன்று கார்டு (சில சுரங்களைச் சேர்த்து ஒலிக்க வைப்பது) தெரிந்தால் ஞாயிறு பூசையில் நீங்கள்தான் ராஜா. அப்புறம் கேரள அரசு வேலை, காசர்கோடு வரைக்கும் மாற்றல், கல்யாணம், பிள்ளைகள் படிப்பு என்று கிட்டார் பரணுக்குப் போனது. 56 வயதில் பென்ஷன் ஆனதும் இறக்கினேன். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் (விரல் வைக்கிற பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) தந்திக்கும் அந்தக் கம்பிக்கும் நடுவே ஒரு பென்சில் தாராளமாக நுழைந்தது. ஸ்டீல் தந்திக் கிட்டாரில் அந்த இடத்தில் மெல்லிய தந்திக்கு 2 மி.மீ. வாக்கில், தடித்த தந்திக்கு 2.5 மி.மீ. வாக்கில்தான் இடைவெளி இருக்க வேண்டும். ஒரே விரலால் ஆறு தந்தியையும் அழுத்த வேண்டிய எஃப் கார்டு பிடித்துப் பிடித்து நான் பல்லைக் கடிப்பதைப் பார்த்து வீட்டுக்காரி கேட்டாள், "வாசிக்கிறீங்களா, மல்லுக்கட்டறீங்களா?"

டவுனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். பையிலிருந்து வெளியே எடுக்கக்கூட விடாமல் "தூக்கிப் போட்டுட்டுப் புதுசு எடுங்க சார்" என்றார்கள். சரி என்று வந்துவிட்டேன். சில நாள் கழித்து நண்பர் ஒருவர் மிருதங்கத்துக்குத் தோல் மாற்றப் பெருவெம்பு போனார். செண்டை, தவில், மிருதங்கம் எல்லாம் தலைமுறை தலைமுறையாகச் செய்கிற ஊர், பாலக்காட்டுப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். நானும் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கூடவே ஏறிவிட்டேன். அங்கே இருந்த பெரியவர் "இது நம்ம வேலையில்லீங்க, நமக்குத் தோல்தான்" என்றார், ஆனாலும் கையில் வாங்கி, மேல் பலகையை விரலால் அங்கங்கே தட்டிக் காதை வைத்துக் கேட்டார். தந்திகளின் அடிமுனை மாட்டியிருக்கும் மரக்கட்டைக்கு (பிரிட்ஜ்) பின்னால் தட்டியபோது முகம் மாறிவிட்டது. "வயிறு வீங்கியிருக்கு. தண்ணி குடிச்ச மரம். வெயில் காலத்துல கொண்டு வந்திருந்தா இவ்வளவு இருக்காது." கிட்டாரையே தொட்டுப் பழகாத மனிதர், ஒரு நிமிஷத்தில் நோயைச் சொல்லிவிட்டார்!

அவர் சொன்னது எங்கள் ஊருக்கு அப்படியே பொருந்தும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மார்கழி, தை, மாசி மாதங்களில் கிழக்கிலிருந்து அடிக்கிற காற்று உதட்டையே வெடிக்க வைக்கும். ஜூன் பிறந்தால் மேற்கிலிருந்து ஈரக்காற்றும் மழையும். கதவு ஆடியில் இறுகி மாசியில் தளர்வதைப் போலத்தான் கிட்டாரும், ஆனால் கதவு தந்திகளின் அறுபது எழுபது கிலோ இழுவையைத் தாங்கிக்கொண்டு நிற்பதில்லை. கிட்டாருக்குப் பிடித்தது 45 முதல் 55 சதவீத ஈரப்பதம். அதை எந்த மாதத்திலும் நம்மால் ஒழுங்காகக் கொடுக்க முடியாது, மழைக்காலத்தில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடலாம், பரணிலும் வெயில் படும் ஜன்னலோரத்திலும் வைக்காமல் இருக்கலாம், அவ்வளவுதான்.

பெரியவர் கைகாட்டியது எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் வயலின் சரி செய்கிற ஒரு தச்சரை. அவர் செய்த முதல் காரியம் ஒரு தாள் துண்டை பிரிட்ஜின் அடியில் நுழைத்துப் பார்த்தது. தாள் உள்ளே போனால் பசை விட்டிருக்கிறது என்று அர்த்தம். என்னுடையதில் பின்பக்க ஓரமாகப் போனது. தந்திகளைக் கழற்றி, மெல்லச் சூடு காட்டிப் பெயர்த்து, பழைய பசையைச் சுரண்டி, புதிதாக ஒட்டி இறுக்கி வைத்தார். அப்புறம் தந்திகள் ஏறி உட்காருமே, அந்த வெள்ளைப் பட்டையை (சேடில்) அடிப்பக்கம் தேய்த்தார். இதில் ஒரு கணக்கு இருக்கிறது, வீட்டில் தாங்களே தேய்க்க நினைப்பவர்கள் கவனியுங்கள்: பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் 1 மி.மீ. இறங்க வேண்டுமானால் சேடிலில் 2 மி.மீ. தேய்க்க வேண்டும், ஏனென்றால் அந்த ஃப்ரெட் தந்தியின் சரிபாதியில் இருக்கிறது. ஒரேயடியாகத் தேய்த்துவிட்டால் தந்தி ஃப்ரெட்டில் பட்டு ஜிர்ரென்று அதிரும், தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.

தந்தியும் மாறியது. முன்பு 12-இல் தொடங்கும் செட், இப்போது அதைவிட மெல்லிய, 10-இல் தொடங்கும் செட் (மெல்லிய தந்தியின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்கிற கணக்கு). போதாததற்கு எல்லாத் தந்திகளையும் அரை ஸ்வரம் இறக்கியே வைத்திருக்கிறேன், அதிலேயே இழுவை பதினொரு சதவீதம் போல குறைந்துவிடும். பக்கத்து வீட்டு ஹார்மோனியக்காரர் ஒரு கட்டையில் பாடினால் முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாத் தந்தியையும் சேர்த்து அழுத்திச் சுருதியை ஏற்றும் கவ்வி), சி கார்டு. இரண்டு கட்டை என்றால் மூன்றாவது ஃப்ரெட்டில் கேப்போ, அதே சி கார்டு. அவர் எலப்புள்ளிக்காரர், எம்.எஸ்.வி. பிறந்த ஊர் என்கிற கர்வம் கொஞ்சம் அதிகம், பேச்சு எங்கே தொடங்கினாலும் அங்கேதான் வந்து நிற்கும்.

இன்னொன்று, யாரும் சொல்லித்தராத விஷயம். எனக்குச் சர்க்கரை உண்டு. இடது கை விரல் நுனி காய்ப்பு காய்த்ததும் ஊசி குத்தினால் ரத்தம் சரியாக வருவதில்லை, குத்தின இடத்தில் தந்தியை அழுத்தினால் உயிர் போகிறது. இப்போது வலது கை விரலில்தான், அதுவும் நுனியில் இல்லாமல் பக்கவாட்டில் குத்திப் பார்க்கிறேன். சர்க்கரைக்காரர்களுக்கு விரல் மடங்கிச் சிக்கிக்கொள்கிற தொந்தரவும் மற்றவர்களைவிட அதிகம் வரும். காலையில் விரல் மடங்கி 'டக்'கென்று நிமிர்ந்தால் டாக்டரைப் பாருங்கள், பயிற்சி செய்தால் சரியாகும் என்று இழுத்துப் பிடிக்காதீர்கள்.

மூணாறிலிருந்து

உங்கள் மாசிக் காற்று எங்களுக்குக் கனவு. இங்கே ஜூன் தொடங்கினால் துணியே காய்வதில்லை. நான் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், என்னிடம் இருப்பது நைலான் தந்திக் கிட்டார். நடுவில் அதை இரவல் வாங்கிப்போன ஒரு தம்பி 'சத்தம் பத்தலை' என்று ஸ்டீல் தந்தி கட்டித் திருப்பிக் கொடுத்தான். நைலான் செட் மொத்தமாக இழுப்பது நாற்பது கிலோவைச் சுற்றி, தடித்த ஸ்டீல் செட் எழுபது கிலோவுக்கு மேல். மரம் என்ன செய்யும் பாவம்? பிரிட்ஜ் கையோடு வந்துவிட்டது. அவனை ஒன்றும் சொல்லவில்லை, என் மாணவன் ஆயிற்றே.

ஈரத்துக்கு இங்கே பழைய வழி ஒன்று உண்டு. மர அலமாரிக்குள் மேல் மூலையில் சின்னக் குண்டு பல்பு ஒன்று எரிந்துகொண்டே இருக்கும், சான்றிதழ், பட்டுப்புடவை, கேமரா எல்லாம் அதற்குள்தான். கிட்டாரையும் அதில் நிறுத்திவிட்டேன். பல்புக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள், சூட்டில் பசை இளகும்.

நைலானில் விரல் நோவு குறைவு, ஆனால் நெக் (கிட்டாரின் கழுத்து) அகலம். நட், அதாவது தலைப்பக்கம் தந்திகள் ஏறி நிற்கும் பட்டை, இருக்கும் இடத்தில் 52 மி.மீ., ஸ்டீல் கிட்டாரில் 43, 44 தான் இருக்கும். என் கை சின்னது, ஒரே விரலால் ஆறு தந்தியையும் அழுத்துவது இன்றுவரை முழுதாக வரவில்லை. அதற்காக அழப்போவதில்லை, மெல்லிய நாலு தந்தியை மட்டும் வைத்து எஃப் வாசிக்கிறேன், சர்ச்சில் யாரும் எழுந்து போகவில்லை.

லண்டன் டிரினிட்டி கல்லூரியின் இசை கிரேடு பரீட்சைக்கு வயது வரம்பு கிடையாது என்று தெரிந்ததும் முதல் கிரேடுக்குப் புத்தகம் வாங்கிவிட்டேன். மலைக்கு அந்தப் பக்கம் பண்ணைப்புரத்திலிருந்து போன இளையராஜா எழுதின அதே டிரினிட்டி கிளாசிக்கல் கிட்டார் பரீட்சைதான் என்று பேரனிடம் பீற்றிக்கொள்கிறேன்.

நகரியிலிருந்து

டீச்சர், சார், ரெண்டு பேருக்கும் வணக்கம். நான் விசைத்தறி ஓட்டினவன், முப்பது வருஷத்துக்கு மேல் அந்த சத்தத்தில் நின்றதால் காது பாதி போய்விட்டது. தந்தியைக் காதால் கேட்டு ட்யூன் செய்வது என்னால் ஆகாது, போனில் இருக்கும் ட்யூனரும் பக்கத்தில் தறி ஓடினால் குழம்பும். கிட்டார் தலையில் கவ்விக்கொள்ளும் கிளிப் ட்யூனர்தான் எனக்குக் கண் திறந்தது. அது காற்றில் வரும் சத்தத்தை நம்புவதில்லை, மரத்தின் அதிர்வைப் பிடிக்கிறது, தறிக் கொட்டகைக்கு நடுவே உட்கார்ந்தாலும் சரியாகக் காட்டும். வாசிக்கும்போது தாடையைக் கிட்டாரின் மேல் ஓரத்தில் லேசாக வைத்துக்கொள்வேன், எலும்பு வழியாகக் கேட்கிறது. பார்க்கிறவர்கள் சாமி வந்துவிட்டதோ என்று நினைப்பார்கள், நினைக்கட்டும்.

நாலு வருஷம் முன்னால் பைக்கில் விழுந்து இடது மணிக்கட்டு உடைந்தது. எங்களுக்குப் பக்கம் புத்தூர், அப்புறம் வேறெங்கே போவது? மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள், எலும்பு கூடியது, மணிக்கட்டு மட்டும் முன்போல வளையவில்லை. கிட்டாரை வலது தொடையில் வைத்தால் அந்தக் கை ரொம்ப மடங்க வேண்டியிருந்தது. இடது காலின் கீழே ஒரு சின்ன முக்காலி போட்டு, கிட்டாரை இடது தொடையில் ஏற்றி, நெக்கைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்தால் மணிக்கட்டு ஏறக்குறைய நேராக இருக்கிறது. கிளாசிக்கல் கிட்டார்காரர்கள் உட்காரும் முறை இதுதானாம், நான் வலிக்குப் பயந்து உட்கார்ந்தேன்.

பாறசாலையிலிருந்து

எல்லாரும் சண்டைக்கு வராதீங்க. பழைய கிட்டார் பழைய கிட்டார் என்று ஏன் இந்தப் பாசம்? என்னிடமும் ஒன்று கிடந்தது, நெக் வளைந்து, உள்ளே ட்ரஸ் ராடும் (நெக்குக்குள் ஓடும், முறுக்கி வளைவைச் சரிசெய்கிற இரும்புக் கம்பி) இல்லாமல். ட்ரஸ் ராட் இருந்தால் ஆலன் கீயால் கொஞ்சம் நிமிர்த்தலாம், இல்லையென்றால் நிமிர்த்துவது பெரிய வேலை, அதற்கு ஆகிற செலவுக்கு ஒரு புது கிட்டார் வரும். நான் ஏழெட்டாயிரத்துக்குச் சின்ன உடம்புள்ளதாக ஒன்று வாங்கினேன், தொப்பை மேல் உட்காருகிறது, தோளும் நோகவில்லை. பழையதைச் சுவரில் மாட்டிவிட்டேன். வாசிக்கத்தானே வந்தோம், மரத்தைக் காப்பாற்றவா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

நெக் வளைந்த கிட்டாருக்கு நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. என்னுடையதில் நெக் நேராக இருந்ததால்தான் தச்சர் கையே வைத்தார், முதலில் முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் தந்தியை அழுத்தி நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தார். ஒரு தாள் தடிமன் வெளிச்சம் தெரிந்தால் நல்லது, நாணயமே நுழைந்தால் உங்கள் யோசனைதான். ஆனால் புதியது வாங்கினாலும் கடையிலேயே ஆக்‌ஷனை (தந்தி நிற்கும் உயரம்) அளந்து, உயரமாக இருந்தால் இறக்கிக் கொடுக்கச் சொல்லி வாங்குங்கள். புதியதும் மழைக்காலத்தில் வீங்கும், அதற்குப் பழசு புதுசு தெரியாது.

டீச்சர், சேடில் தேய்க்க வேண்டுமானால் கழற்றித் தபாலில் அனுப்புங்கள், எவ்வளவு இறக்க வேண்டும் என்று அதிலேயே பென்சிலால் கோடு போட்டு. தச்சர் செவ்வாய்க்கிழமைகளில் இருப்பதில்லை.