பெங்களூரின் புதிய மைக்ரோபிரூவரிகள்: இடம் பெரிதாகிவிட்டது, பியர்?

ஓசூர்க்காரன்:

அனைவருக்கும் வணக்கம். ஓசூரில் குடியிருந்துகொண்டு பெங்களூரில் வேலை பார்ப்பவன் நான். இந்திராநகர் 100 அடிச் சாலையில் 2010-இல் டாய்ட் என்ற மைக்ரோபிரூவரி, அதாவது பியரைத் தானே காய்ச்சி விற்கும் சிறு பப், திறக்கப்பட்டபோதும், அடுத்த ஆண்டு விட்டல் மல்லையா சாலையில் பியேர் கிளப் வந்தபோதும், கண்ணாடிச் சுவருக்கு அப்பால் தெரியும் டேங்கில் காய்ச்சிய பியரை அங்கேயே உட்கார்ந்து குடிப்பது இந்த ஊருக்குப் புதுமையாக இருந்தது. 2012-இல் மெக்ராத் சாலையில் ஆர்பர் வந்தது, வைட்ஃபீல்டில் விண்ட்மில்ஸ் வந்தது. அந்த நாள்களில் பேச்செல்லாம் பியரைப் பற்றியதாகவே இருந்தது. கோதுமை பியரில் வாழைப்பழ வாசனை எப்படி வருகிறது, ஐ.பி.ஏ. என்ற வகைப் பியர் ஏன் இப்படிக் கசக்கிறது என்று முன்பின் தெரியாதவர்கள்கூடப் பக்கத்து மேசையினரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இப்போது ஹென்னூர், சர்ஜாபூர் சாலை, வைட்ஃபீல்டு என எந்தப் பக்கம் போனாலும் புதிதாக ஒன்று திறக்கப்படுகிறது. ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரியது என்றே விளம்பரம் செய்கிறது. குளம், அருவி, பாலம், இரண்டு மூன்று மாடி, ஆயிரம் பேர் உட்காரும் இடம் என எல்லாம் இருக்கின்றன. அரை லிட்டர் பியர் வரிகளுடன் சேர்ந்து ஏறத்தாழ 400 ரூபாய்க்கு வந்துவிடுகிறது. அவ்வளவு கொடுத்தும் பல இடங்களில் ஒரு பியருக்கும் இன்னொன்றுக்கும் நிறத்தைத் தவிர வேறுபாடு தெரியவில்லை என்பதே என் வருத்தம். இந்தப் புதிய இடங்களில் பியர் உண்மையிலேயே மேம்பட்டிருக்கிறதா, அல்லது இடத்தின் அலங்காரத்துக்குத்தான் பணம் கொடுக்கிறோமா? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால், அடுத்த மாதம் சென்னையிலிருந்து வரும் என் மைத்துனரைச் சரியான இடத்துக்கு அழைத்துப்போக உதவியாக இருக்கும்.

மால்ட் மூட்டை:

நண்பரே, இந்தத் தொழிலில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பியரை மேம்படுத்துவதும் கெடுப்பதும் கட்டடத்தின் அளவு அல்ல. டேங்கின் கால அட்டவணைதான். ஏல் வகைப் பியர் 20 டிகிரி வெப்பத்தை ஒட்டிப் புளித்து, ஒரு வாரம் பத்து நாளில் முதல் கட்டத்தை முடித்துவிடும். பிறகு குளிரில் சில நாள்கள் கிடந்து தெளிய வேண்டும். லாகர் அப்படியல்ல. பத்து டிகிரியை ஒட்டிய குளிரில் மெதுவாகப் புளித்து, அதன்பின் பல வாரங்கள் முதிர வேண்டும். ஒரு சனிக்கிழமை இரவில் ஆயிரம் பேர் வந்து குடிக்கும் இடத்தில் டேங்குகள் விரைவாகக் காலியாகின்றன. ஐந்து வாரம் டேங்கை அடைத்துக்கொண்டிருக்கும் லாகருக்கு அங்கே இடமே கிடைக்காது. அல்லது மூன்று வாரத்திலேயே இறக்கிவிடுவார்கள். அப்படி அவசரப்பட்டு இறக்கிய பியரில் வெண்ணெய் வாசனை அடிக்கும். புளிக்கும்போது ஈஸ்ட் உண்டாக்கும் ஒரு பொருளின் வாசனை அது. போதிய காலம் விட்டால் அந்த ஈஸ்டே அதைத் திரும்ப உட்கொண்டுவிடும். உங்கள் தம்ளரில் பாப்கார்ன் நெடி வந்தால், பெரும்பாலும் அந்தக் காலத்தைக் கொடுக்கவில்லை என்று பொருள்.

கோதுமை பியர் எல்லா இடத்திலும் நன்றாக விற்பதற்கும் இதே கணக்கு ஒரு காரணம். அது விரைவில் தயாராகும், கலங்கலாக இருப்பதே அதன் இயல்பு, கசப்பும் குறைவு. நீங்கள் சொன்ன வாழைப்பழ வாசனையும் அதனோடு வரும் கிராம்பு வாசனையும் அந்த ஈஸ்டிலிருந்தே பிறக்கின்றன. யாரும் பழமோ கிராம்போ போடுவதில்லை. நல்ல பிரூமாஸ்டர், அதாவது பியர் காய்ச்சும் தலைமை ஆள், புளிக்கும் வெப்பத்தை ஒன்றிரண்டு டிகிரி ஏற்றி இறக்கியே வாழைப்பழத்தை முன்னே கொண்டுவரவோ கிராம்பை முன்னே கொண்டுவரவோ செய்வார். அக்கறை இல்லாத இடத்தில் இரண்டும் இல்லாமல் கோதுமைக் கஞ்சி போல ஒன்று வரும்.

இன்னொன்று, குழாய் சுத்தம். டேங்கிலிருந்து கவுன்டர் வரை பியர் வரும் குழாயை ஒழுங்காகக் கழுவாவிட்டால் உள்ளே பாசிபோல் படிந்து, நல்ல பியரையும் புளிப்பாக்கிவிடும். முப்பது நாற்பது அடிக் குழாய் இருக்கும் பெரிய இடங்களில் இந்த வேலை அதிகம், கண்ணுக்கும் தெரியாது. அதனால்தான் முதலில் கைவிடப்படுவதும் இதுவே. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், அலங்கார விளக்குகளுக்கு மாதாமாதம் ஆள் வந்து பார்த்துவிட்டுப் போவார். குழாய் கழுவும் ரசாயனம் தீர்ந்துபோனதை மூன்று முறை எழுதிக் கேட்க வேண்டியிருந்தது.

பெரிய இடங்கள் எல்லாமே மோசம் என்று சொல்லிவிட மாட்டேன். முதலீடு அதிகம் என்பதால் குளிரூட்டும் வசதி, தண்ணீர் சுத்திகரிப்பு, ஆய்வகம் ஆகியவற்றில் அவர்களால் செலவிட முடிகிறது. பெங்களூரில் வந்த நல்ல மாற்றங்களும் உண்டு. டாய்டின் ‘பாஸ்மதி பிளான்ட்’ என்ற பியர் நம் அரிசியைக் கூச்சமின்றிப் பியருக்குள் கொண்டுவந்தது. குடகுக் காபிக் கொட்டையைச் சேர்த்த ஸ்டௌட் என்ற கறுத்த பியர், மாம்பழக் காலத்தில் மாம்பழ ஏல் என்று இந்த மண்ணின் விளைச்சலை வைத்துச் செய்கிறார்கள். பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூ பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும்தான் இன்னும் வருகிறது. ஆகவே உள்ளூர்த் தன்மையை வேறு பொருள்களில்தான் காட்ட முடிகிறது, அதைச் சிலர் மிகச் சிறப்பாகச் செய்கிறார்கள்.

மைத்துனரை எங்கே அழைத்துச் சென்றாலும், முதலில் முழு தம்ளர் வாங்காமல், மரப்பலகையில் வைத்துத் தரும் சிறு தம்ளர் வரிசையை வாங்குங்கள். ஒவ்வொன்றும் என்றைக்கு டேங்கிலிருந்து இறங்கியது என்று கேளுங்கள். விடை சொல்லத் தெரிந்த ஆள் கவுன்டரில் இருந்தால், அந்த இடத்தை நம்பலாம்.

சர்ச் தெரு:

மால்ட் மூட்டை அவர்கள் எழுதியதோடு முழுவதும் உடன்படுகிறேன். ஆனால் பெங்களூருக்குப் பியர் 2010-இல்தான் வந்தது என்பது போன்ற எண்ணத்தை ஓசூர்க்காரனின் கேள்வி தந்துவிடக் கூடாது. யுனைட்டெட் பிரூவரீஸ் நிறுவனத்தைத் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1915-இல் தென்னிந்தியாவின் ஐந்து பிரூவரிகளை ஒன்றுசேர்த்து உருவாக்கினார். அவற்றுள் ஒன்றான காசில் பிரூவரி நம் நீலகிரியில் 1857-இலேயே தொடங்கப்பட்டது. இன்று யூ.பி. சிட்டி என்ற ஆடம்பரக் கடைவளாகம் நிற்கும் இடத்தில் முன்பு பிரூவரிதான் இருந்தது.

1980-களின் இறுதியில் பப்கள் வந்தபோது பெங்களூர் இளைஞர்களுக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது. 1989-இல் தொடங்கிய பெக்கோஸ், விண்கலத்தின் உட்புறம் போல அமைக்கப்பட்ட நாசா ஆகியவை சிறிய இடங்களே. குழாயில் வந்ததும் ஒரே வகை லாகர்தான். ஆனால் மாணவனும் வங்கி எழுத்தரும் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து ஒரு குடுவையைப் பகிர முடிந்தது. விலை அதற்கு இடம் கொடுத்தது. எனக்கு இருக்கும் வருத்தம் சுவையைப் பற்றியது அல்ல. இப்போதைய பியர் அப்போதையதைவிட எவ்வளவோ மேல் என்பதை மனதாரச் சொல்வேன். ஆனால் நுழைவாயிலிலேயே வருமானம் பார்த்து ஆளைப் பிரிக்கும் இடமாகப் பப் மாறிவிட்டது. ஒரு குடுவைக்கு ஆகும் செலவில் ஓர் இளைஞன் ஒரு வாரம் மெஸ்ஸில் சாப்பிட்டுவிடலாம்.

இந்திராநகர்வாசி:

இங்கே எல்லோரும் உள்ளே உட்கார்ந்திருப்பவரின் பார்வையில் எழுதுகிறீர்கள். நான் வெளியே இருப்பவள். 100 அடிச் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு குறுக்குத் தெருவில், பெற்றோர் கட்டிய வீட்டில் வாழ்கிறேன். இரவு ஒரு மணிக்குக் கடை மூடினால் எங்களுக்கு ஒரு மணிக்கு அமைதி வருவதில்லை. வண்டியைக் கொண்டுவரச் சொல்லிக் கத்துவதும், வாசலில் நின்று விடைபெறுவதும், கதவுகள் அறையப்படுவதும் முடிய இரண்டாகிவிடும். குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணிக்கு மேல் 45 டெசிபல்தான் இருக்கலாம் என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. மாடியில் கூரையில்லாத பார் வைத்தால் அந்த வரம்பு எப்படிக் காப்பாற்றப்படும்? எங்கள் தெருவில் என் அப்பா இரவு மாத்திரை போட்டுக்கொண்டும் தூங்க முடியாமல், பின்பக்கச் சமையலறையை ஒட்டிய சிறிய அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டார்.

பொழுதுபோக்கு இடங்களுக்கு உரிமம் வேண்டும் என்ற 2005-ஆம் ஆண்டு ஆணை செல்லும் என்று 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், பல பார்களில் நேரடி இசை நின்றது. கலைஞர்களுக்கு அதனால் ஏற்பட்ட இழப்பை நான் உணர்கிறேன். அவர்களிலும் எனக்கு நண்பர்கள் உண்டு. ஆனால் அந்தச் சில மாதங்களில்தான் எங்கள் தெரு பழைய தெருவாக இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். பியர் நன்றாக இருக்கலாம், அதில் எனக்குப் பகை இல்லை. குடியிருப்புத் தெருவில் வாகன நிறுத்தம் இல்லாத கட்டடத்துக்கு உரிமம் கொடுப்பதைத்தான் எதிர்க்கிறேன். அந்த வகையில், ஹென்னூரின் வெளிப்புறத்தில் பெரிய மனை எடுத்து, வண்டி நிறுத்தவும் இடம் ஒதுக்கித் தொழில் நடத்துபவர்கள், ஓசூர்க்காரன் குறை சொல்லும் அந்தப் பெரிய இடங்கள்தான், எங்களைப் போன்றவர்களுக்கு நன்மையே செய்கிறார்கள்.

வைட்ஃபீல்டு வாசகி:

ஒரு செய்தியை மட்டும் சேர்க்கிறேன். நான் வளர்ந்த ஊரில் டாஸ்மாக் கடையை ஒட்டிய பாரைத் தாண்டிப் போகும்போது பெண்கள் தெருவின் மறுபக்கம் மாறி நடப்போம். இங்கே நானும் என் தோழிகளும் ஒரு பிரூவரியில் உட்கார்ந்து, ஆளுக்கொரு தம்ளரோடு மூன்று மணி நேரம் பேசிவிட்டு வருகிறோம். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, பக்கத்து மேசையில் பாட்டியோடும் பேரனோடும் ஒரு குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. விண்ட்மில்ஸில் ஜாஸ் கச்சேரி கேட்பதற்கென்றே வந்து, பியரைத் தொடாமல் போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். விசாலமான இடமும் நல்ல வெளிச்சமும் இருப்பதால்தான் இது முடிகிறது. ஆகவே இடத்துக்குக் கொடுக்கும் பணம் வீண் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. சர்ச் தெரு ஐயா நினைவுகூரும் அந்தப் பெஞ்சுகளில் எத்தனை பெண்கள் இடித்துக்கொண்டு உட்கார முடிந்தது என்பதையும் அவர் யோசித்துப் பார்க்க வேண்டும்.

சர்ச் தெரு:

வாசகி அம்மா சொல்வது நியாயம். வந்த பெண்கள் மிகக் குறைவே. வந்தவர்களும் கூட்டமாகத்தான் வந்தார்கள். ஆயினும் விலையைப் பற்றிய என் கருத்து அப்படியே நிற்கிறது.

ஓசூர்க்காரன்:

அனைவருக்கும் நன்றி. இந்திராநகர்வாசி எழுதியதைப் படித்தபின், இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அது எந்தத் தெருவில் இருக்கிறது என்பதையும் பார்ப்பேன். மால்ட் மூட்டை அவர்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். 2024 கோடையில் நகரின் ஏறத்தாழ 14,000 பொது ஆழ்துளைக் கிணறுகளில் பாதி வற்றிப்போய், குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்ததே, அந்த நிலையில் பியர் காய்ச்சத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியை என் மைத்துனர் நிச்சயம் கேட்பார்.

மால்ட் மூட்டை:

நல்ல கேள்வி, தொழிலில் இருப்பவர்கள் தாங்களாகவே பேச வேண்டியது. தம்ளரில் இருக்கும் ஒரு லிட்டர் பியருக்குப் பின்னால், டேங்க் கழுவுவது, ஆவி, குளிர்விப்பு எல்லாம் சேர்த்துச் சிறிய பிரூவரிகளில் நான்கு முதல் ஏழு லிட்டர் தண்ணீர் செலவாகிறது. பெரிய தொழிற்சாலைகள் இதை மூன்று லிட்டரை ஒட்டிக் கொண்டுவந்துவிட்டன. சிறியவர்களிடம் அந்தக் கருவிகள் இல்லை. அதன் மேல், நம் பகுதியின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடினமானது. அதைச் சவ்வூடு வடிகட்டிதான் பயன்படுத்துகிறோம். அப்போது கணிசமான அளவு உப்புநீராக ஒதுங்குகிறது. அந்தக் கோடையில் பலர் லாரித் தண்ணீரை நம்பியே ஓட்டினார்கள்.

செய்யக்கூடியவை நிறைய உள்ளன. கொதித்த மால்ட் (முளைகட்டிக் காயவைத்த தானியம்) சாற்றைக் குளிர்விக்கும்போது சூடாகும் தண்ணீரை அடுத்த முறை பியர் காய்ச்சுவதற்கு எடுத்துவைக்கலாம். ஒதுங்கிய உப்புநீரைக் கழிப்பறைக்கும் தரை கழுவவும் திருப்பலாம். இவற்றைச் செய்யும் பிரூவரிகள் நகரில் இருக்கின்றன. செய்யாதவற்றின் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது அரசு இதைக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கலால் துறை இன்று எத்தனை லிட்டர் பியர் இறங்கியது என்று கணக்கெடுப்பது போல, எத்தனை லிட்டர் தண்ணீர் ஏறியது என்றும் கணக்கெடுக்கலாம்.

சாறு எடுத்தபின் மிஞ்சும் மால்ட் சக்கை மட்டும் வீணாவதில்லை. காய்ச்சும் நாளில் காலையிலேயே மாடு வளர்ப்பவர்கள் நீல பீப்பாய்களோடு பின்வாசலில் வந்து நிற்பார்கள். ஈரமாக இருப்பதால் ஓரிரு நாளில் கெட்டுவிடும், ஆகையால் சூடு ஆறுவதற்குள் வண்டியில் ஏற்றிவிடுவார்கள்.

மைத்துனரோடு போவதாக இருந்தால் சனி, ஞாயிறு வேண்டாம். செவ்வாய் அல்லது புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குப் போங்கள். கூட்டம் இருக்காது, பிரூமாஸ்டர் பெரும்பாலும் அங்கேயே இருப்பார்; தண்ணீர்க் கேள்வியை அவரிடமே கேட்கச் சொல்லுங்கள். ஓசூருக்குத் திரும்ப வண்டி ஓட்ட மட்டும் வேறு ஆளை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.