மறு: ‘ஹேங் டைம்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்தின் ‘பன்ட்’டுக்குக் ‘கைவிட்டுதை’ என்று சென்ற வாரம் முடிவானதில் எனக்கு முழு மகிழ்ச்சி. பந்தைக் கையிலிருந்து விட்டு, தரையைத் தொடும் முன் உதைக்கிறார்கள். மூன்று முயற்சியிலும் பத்து யார்டு முன்னேற முடியாதபோது, நான்காவதில் பந்தையே எதிரணிக்கு விட்டுக்கொடுக்கவும் செய்கிறார்கள். இரண்டு வகையிலும் கைவிடுதல்தான். ஆங்கிலச் சொல்லுக்குக்கூட இந்தப் பொருத்தம் கிடையாது.

உதைத்த பந்து கீழே வரும்வரை காற்றில் இருக்கும் நேரமான ‘ஹேங் டைம்’தான் முரண்டு பிடிக்கிறது.

> ‘தொங்கு நேரம்’ என்று நேராகவே வைத்துவிடலாமே. புரிகிறதல்லவா?

எனக்குப் புரியவில்லை ஐயா. தமிழில் ஒன்று தொங்க வேண்டுமானால் மேலே உத்தரமோ கொக்கியோ கிளையோ இருக்க வேண்டும். வௌவால் தொங்கும், பந்து எப்படித் தொங்கும்? ரே கை என்ற உதைவீரரை ஓக்லாந்து ரெய்டர்ஸ் அணி, கல்லூரி வீரர்களைத் தொழில்முறை அணிகள் முறைவைத்து எடுத்துக்கொள்ளும் டிராஃப்டில், 1973இல் முதல் சுற்றிலேயே, 23ஆவது ஆளாக எடுத்தது. நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோமில் ஒருமுறை அவர் உதைத்த பந்து கூரைக்குக் கீழே இருந்த காட்சித்திரையில் போய் இடித்தது. அங்கே தொங்கியது திரை.

> பள்ளி இயற்பியலில் ‘பறக்கும் நேரம்’ இருக்கிறது. புதிதாக எதற்கு?

கணக்குக்கு இது சரி. பந்து காலில் பட்ட கணத்தில் கடிகாரத்தைத் தட்டி, எதிரணிக்காரர் கையில் விழும் கணத்தில் நிறுத்தினால் கிடைப்பது அதுதான். 4.5 விநாடி நின்ற பந்து, காற்றுத்தடையை விட்டுவிட்டுப் பார்த்தால், ஏறக்குறைய 25 மீட்டர் உயரம் போயிருக்கும். ஆனால் கல்லூரி உதைவீரரைப் பார்க்க வரும் தேர்வாளர் கடிகாரத்தோடு நிற்பது பந்தின் உயரத்துக்காக அல்ல. தன் ஆட்கள் ஓடிப்போய்ச் சேர அவகாசம் இருக்கிறதா என்பதற்காக.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சொல்லின் உயிரே இதில்தான் இருக்கிறது. கல்லூரி ஆட்டத்தில் பந்து பின்னால் வீசப்பட்டவுடனேயே உதைக்கும் அணியில் எல்லாரும் முன்னோக்கி ஓடலாம். என்.எஃப்.எல். என்ற தொழில்முறைப் போட்டியின் ஆட்டத்தில் இரண்டு ஓரங்களிலும் நிற்கும் இருவருக்கு மட்டுமே அந்தச் சலுகை. மற்றவர்கள் பந்து காலில் படும்வரை கோட்டிலேயே நிற்க வேண்டும். பந்து உதைவீரரிடம் வந்து, அவர் உதைத்து முடிக்க ஏறக்குறைய இரண்டு விநாடி ஆகும். கல்லூரியில் அந்த இரண்டு விநாடியும் ஓட்டக்காரர்களுக்கு இலாபம். தொழில்முறை ஆட்டத்தில் அதைப் பந்துதான் மேலே நின்று ஈடுகட்ட வேண்டும். 40 யார்டை 4.5 விநாடியில் ஓடுபவர் அங்கே வேகக்காரர். எனவே 45 யார்டு உதைக்கு 4.5 விநாடியாவது வேண்டும் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. பக்கவாட்டில் ஓடிக்கொண்டே தாழ்வாக உதைத்துக் கல்லூரியில் பெயர் வாங்கியவரைத் தேர்வாளர்கள் சந்தேகத்தோடு பார்ப்பதும் இதனால்தான்.

தூரம் ஏமாற்றும். சொந்த 40 யார்டு கோட்டிலிருந்து 60 யார்டு உதைத்துப் பந்து எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் உள்ள எல்லைப்பகுதிக்குள் போய்விட்டால், எதிரணி தன் 20ஆவது யார்டிலிருந்து தொடங்கும், இழந்தது போக மிஞ்சும் நிகரம் 40தான். அதே இடத்திலிருந்து 48 யார்டு மட்டும் உதைத்து, 12ஆவது யார்டில் எதிரணிக்காரர் ஓட வழியின்றி அப்படியே பிடித்துக்கொண்டால் நிகரம் 48. சான் டியேகோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் மேட் அரைசா 2021இல் சராசரி 51.19 யார்டு உதைத்துக் கல்லூரிச் சாதனை படைத்தார். 2022 டிராஃப்டில் அவருக்கு முன்பாகவே, நான்காம் சுற்றில், இரண்டு உதைவீரர்களை எடுத்தார்கள். அவர் ஆறாம் சுற்றில் போனார். தூரம் மட்டுமே அளவுகோலாக இருந்தால் இந்த வரிசை வந்திருக்காது. தேர்வாளர்களும் சறுக்குவார்கள் என்பது வேறு கதை. அதே ஆண்டு யாருமே எடுக்காத ரயன் ஸ்டோன்ஹவுஸ் டென்னசி அணியில் சேர்ந்து, சராசரி 53.1 யார்டு உதைத்து, சாமி பா என்ற பழைய வீரரின் 1940ஆம் ஆண்டுச் சாதனையை முறியடித்தார்.

எனவே ‘பறத்தல்’ போதாது. கீழே ஆட்கள் ஓடி வரும்வரை பந்து மேலே தாமதிக்கிறது என்ற பொருள் தொனிக்க வேண்டும். என் முதல் முன்மொழிவு ‘அந்தர நேரம்’. அந்தரத்தில் நிற்பதற்குப் பிடி எதுவும் வேண்டாம்.

அன்புடன்,
சென்னையிலிருந்து

---

அன்பின் நண்பருக்கு,

விளக்கம் நன்று, சொல் ஆகாது. யாழ்ப்பாணத்தில் ‘அந்தரம்’ என்றால் அவசரம், பதற்றம். ‘அந்தரப்படாதே’ என்று அம்மா சொல்லாத நாளில்லை. ‘அந்தர நேரம்’ என்று எழுதினால், எங்கள் ஊரில் பந்தைப் பிடிக்கக் கீழே நிற்பவரின் நிலையைத்தான் நினைப்பார்கள். பதினொரு பேர் தன்மேல் பாய்ந்து வரும்போது அண்ணாந்து பார்த்தபடி நிற்பது உண்மையிலேயே அந்தரம்தான்!

‘தங்கல்’ என்ற சொல்லை யோசித்தீர்களா?

---

வணக்கம்.

அம்மாவின் வாக்குக்கு மேல் எனக்கு வழக்கில்லை. அந்தரத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

‘வான்தங்கல்’ என்று வைத்து நேற்றிரவு சோதித்தேன். பழைய ஆட்டக் காணொளி ஒன்றை ஓடவிட்டு, கைப்பேசிக் கடிகாரத்தில் ஏழெட்டு உதைகளை அளந்து, தாளில் எழுதினேன்: ‘47 யார்டு, வான்தங்கல் 4.6’. எழுத வசதியாக இருக்கிறது. ‘நல்ல வான்தங்கல் உள்ள பையன்’ என்றும் ‘தூரம் இருக்கிறது, தங்கல் இல்லை’ என்றும் வாயில் தடையில்லாமல் வருகிறது. முதல் இரண்டு உதைகளில் என் விரல் பிந்திவிட்டது. பாதத்தைப் பார்க்காமல் பந்தைப் பார்த்ததன் வினை.

மறுப்பு இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். பந்து எல்லைப்பகுதிக்குள் போய்விடும் ‘டச்பேக்’குக்கு இதுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை.