பெரியம்மாவுடன் பார்த்த ஸோம்பிப் படம்

பேய்ப்படம் பார்த்துப் பயந்த கதையை எல்லாரும் எழுதுகிறீர்கள். என் கதையில் பக்கத்தில் இருந்தவர் பயப்படவே இல்லை. எனக்கு அதுதான் ஒரு மாதிரியாகிவிட்டது.

2022 மார்ச் கடைசி. ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாத காலம். கொழும்பு வெள்ளவத்தையில் நாலாம் மாடி, லிஃப்ட் இல்லை, கடற்காற்றும் அன்று இல்லை. லப்டொப்பில் சார்ஜ் இருந்தது. ஜோர்ஜ் ரொமேரோவின் ‘நைட் ஒஃப் த லிவிங் டெட்’டைப் போட்டேன். 1968இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். படத்தின் பெயரை மாற்றியபோது புதுத் தலைப்பில் பதிப்புரிமைக் குறிப்பைப் போடாமல் விட்டுவிட்டார்கள். அதனால் யாரும் காசில்லாமல் பார்க்கலாம். (பாவம் அந்த மனுஷன்.)

பண்ணை வீட்டுக்குள் ஏழு பேர், வெளியே எழும்பி நடக்கிற பிணங்கள். படத்தில் ஓரிடத்திலும் ‘ஸோம்பி’ என்ற சொல் வராது, இரத்தம் என்று காட்டுவது சொக்லேட் சிரப் என்றெல்லாம் பெரியம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் காதில் வாங்கவில்லை. கதாநாயகன் பென் மேசையை உடைத்து, கதவுகளைக் கழற்றி, ஜன்னல்களுக்குப் பலகை அடிக்கிற காட்சி நீண்டுகொண்டே போகும். எனக்கு எப்போதும் அலுப்புத் தட்டுகிற இடம். அங்கேதான் அவர் வாயைத் திறந்தார்.

“உப்பிடிச் சத்தம் போட்டு அடிச்சால் உள்ளுக்கு ஆள் இருக்கெண்டு தெரிஞ்சுபோகுமெல்லோ?”

தமிழருக்கு எதிரான கலவரம் நடந்த 1983 ஜூலையில் பெரியம்மாவுக்கு 19 வயது. பக்கத்துச் சிங்கள வீட்டின் சாமான் அறையில் இரண்டு நாள், பிறகு பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாம். எப்போது கேட்டாலும் இவ்வளவுதான் சொல்வார்.

படத்தில் முதலில் வானொலி வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொல்லும். பிறகு தொலைக்காட்சி, பாதுகாப்பு நிலையங்களுக்குப் போகச் சொல்லும். பெரியம்மா சிரித்தார். “ரேடியோவில ஊரடங்கு எண்டு சொல்லிக்கொண்டே இருந்தது. ரோட்டில அவங்கள் தங்கட பாட்டுக்குத் திரிஞ்சாங்கள்.”

நிலவறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்வோம் என்று அந்த ஏழு பேரில் ஒருவனான கூப்பர் கத்துகிறான், மேலேயே நிற்போம் என்கிறான் பென். நான் எத்தனையோ தடவை பார்த்தும் பென் பக்கம்தான். கூப்பர் ஒரு எரிச்சல் பிடித்த கோழை. பெரியம்மாவோ முதல் நிமிஷமே கூப்பர் கட்சி. கடைசியில் பென் உயிர் தப்புவதும் அதே நிலவறையில்தானே. இத்தனை வருஷமாக எனக்கு அது உறைத்ததே இல்லை.

விடியப்புறம் துப்பாக்கிக்காரர்கள் வருகிறார்கள். சத்தம் கேட்டு மேலே வந்து ஜன்னலால் எட்டிப் பார்க்கும் பென்னைப் பிணம் என்று நினைத்துச் சுடுகிறார்கள். அந்த வேடத்தில் நடித்த டுவேன் ஜோன்ஸ் ஒரு கறுப்பர். நடிப்புத் தேர்வில் அவர்தான் திறமாகச் செய்தார், அதனால் எடுத்தோம் என்றுதான் ரொமேரோ சொல்லிவந்தார். ஆனால் 1968இல் அமெரிக்கச் சனம் அந்தக் காட்சியை எப்படிப் பார்த்திருக்கும்? பிறகு அசையாப் படங்கள் வரிசையாக வரும்: கொக்கிகள், உடல்கள், கடைசியில் நெருப்பு. அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன். பெரியம்மா கையைக் காட்டி விடச் சொன்னார்.

முடிந்த பிறகு கொஞ்ச நேரம் இருட்டில் இருந்தோம். “அவன் ஏன் ஜன்னலுக்கு வந்தவன்?” என்று கேட்டார். கோபமாகத்தான் கேட்டார். “பேர் சொல்லிக் கூப்பிடும்வரைக்கும் வெளியில வரக் கூடாது. அந்த வீட்டு அன்ரி எங்கள் அஞ்சு பேரையும் ஒவ்வொருத்தராய்ப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டவ.”